பூட்டக்காவுக்கு வந்த அழைப்பு

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அந்தப் புள்ளி பச்சையானது.

இது நடந்தது. கேட்டவர்களில் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அன்றிரவு விளக்கை அணைக்காமல் படுத்தார்கள். அவள் கயிறு திரிக்கிற ஆள் அல்ல. மணி கேட்டால் ஐந்தரை என்று சொல்ல மாட்டாள், ஐந்து இருபத்தெட்டு என்பாள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். அவள் சொன்னதுதான் இது. ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை.

அலுவலகத்தில் அவளைப் பூட்டக்கா என்பார்கள். பாலங்களைச் சோதித்து அறிக்கை தரும் நிறுவனம் அது. பொறியாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு டிரைவ் இருக்கும். சுண்டு விரல் நீளம், கறுப்பு உறை, முதுகில் ஓர் எண். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பத்து முறை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும். அதை எங்கே, எந்தக் கணினியில் செருகினாலும், இணையம் இருந்தால் போதும், மூன்றாம் மாடியில் அவள் திரையில் அந்த எண்ணுக்கு எதிரே பச்சைப் புள்ளி வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் அதைப் பூட்டலாம். பாஸ்வேர்டை மாற்றலாம். ஒரே அழுத்தில் அழித்துவிடலாம்.

பாஸ்வேர்டு மறந்தவர்கள் அவளுக்குப் போன் செய்வார்கள். வாரத்தில் முதல் நாள் தவறாமல் செய்வது பதினேழாம் எண்காரன். அவளுடைய தம்பி.

"பூட்டக்கா, மறந்துபோச்சு."

"சோறு திங்க மறந்தியா?"

"அதுக்கு பாஸ்வேர்டு இல்லியே."

அந்தப் பட்டப்பெயரை வைத்தவனும் அவன்தான். வீட்டில் அவள் கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். அவனுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. பாலத்துக்கு அடியில் கயிற்றில் இறங்கும்முன் பெல்ட்டின் கொக்கியைப் பாலத்து வளையத்தில் மாட்டுவான். மாட்டிய கொக்கியை ஒரு படம் எடுப்பான். "நம்பலேன்னா பாத்துக்க" என்பான்.

புள்ளி பச்சையானதற்குப் பத்து நாட்களுக்கு முன் அவன் ஒரு பாலத்தின் கீழிருந்து ஆற்றில் விழுந்தான். மறுநாள் உடல் கிடைத்தது. கையில் இருந்த டேப்லெட் தூணில் மோதி நொறுங்கியிருந்தது. அதில் செருகியிருந்த டிரைவ் கிடைக்கவில்லை. எடுக்கிற படங்கள் நேராக டிரைவில்தான் சேரும், டேப்லெட்டில் எதுவும் தங்காது. அந்த விதியை எழுதியது அவள்.

நிறுவனம் தன் அறிக்கையை எழுதி முடித்திருந்தது. கொக்கியை மாட்டாமல் இறங்கினான், அவனுடைய கவனக்குறைவு. பதினோராம் நாள் காலை விசாரணை அதிகாரி வரவேண்டியிருந்தது.

ஆறாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் அழவில்லை. சாப்பிட்டாளா என்றால் தெரியாது. தம்பி மனைவி மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணி, அவரு மாட்டாம இறங்குற ஆளா?"

பதினேழாம் எண்ணைத் தவிர அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

பத்தாம் நாள் மதியம் மேலாளர் அவள் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காணாமப் போன டிரைவ பத்து நாளுக்குள்ள அழிக்கணும்னு இருக்கு. உங்க விதிதான்."

"ஆமா சார்."

"வேற யாரையாவது அழுத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். நானே செய்றேன்."

"அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருங்க."

அவர் கூட்டத்துக்குப் போனார். அவள் பதினேழாம் எண்ணைத் திறந்தாள். 'அழி' என்ற சிவப்புப் பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்திவிட்டால் அந்தக் கட்டளை காத்திருக்கும். என்றைக்காவது யாராவது அந்த டிரைவைச் செருகினால் அந்த நொடியே வேலையை முடிக்கும்.

விரல் மரத்திருந்தது. அது பயமோ துக்கமோ இல்லை. குளிரில் கை மரக்குமே, அப்படி.

அப்போதுதான் புள்ளி பச்சையானது.

யாரோ அதைச் செருகிவிட்டார்கள்.

அவளுக்கு முதலில் தோன்றியது, திருட்டு. ஆற்றங்கரையில் யாரோ பொறுக்கியிருக்கிறான், விற்கப் பார்க்கிறான். அந்நியன் திறக்கப் பார்த்தால் உடனே அழிக்க வேண்டும். அதுவும் விதி. பொத்தான் தயாராக இருந்தது. அழுத்தினால் இரண்டு நொடி.

மேசைக்கு அடியில் டக் என்று ஒரு சத்தம். சொட்டு விழுவது போல.

திரையில் டிங்.

தவறான பாஸ்வேர்டு. ஒன்று.

அவள் அழுத்தவில்லை. எந்தக் கணினி என்று பார்க்க வேறொரு பக்கம் திறக்க வேண்டும். அந்த எண்ணிக்கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

டக்.

டிங். இரண்டு.

கால் சில்லிட்டது. குனிந்து பார்க்காமலே செருப்பை நகர்த்தினாள். தரை ஈரமாக இருந்தது. ஏசி ஒழுகுகிறது என்று நினைத்தாள். மூன்று வந்தது. நான்கு வந்தது. திருடன் வேகமாக அடித்துப் பார்ப்பான். இது அப்படி இல்லை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தது. யோசித்து யோசித்து அடிப்பது போல. தெரிந்த ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது போல.

டக்... டிங். ஐந்து.

டக்... டிங். ஆறு.

சேற்று வாடை வந்தது. மூன்றாம் மாடி. ஜன்னல் திறக்காத அறை. சுற்றிலும் பன்னிரண்டு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

ஏழு.

எட்டு.

இன்னும் இரண்டு. அப்புறம் அதுவே தன்னை அழித்துக்கொள்ளும். அவள் பொத்தானைத் தொட வேண்டியதே இல்லை. அவன் கொக்கி மாட்டினானா இல்லையா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போகும்.

டக்.

ஒன்பது.

பிறகு ஒன்றும் இல்லை.

மூன்று ஐம்பத்து இரண்டுக்கு அவள் மேசைப் போன் அடித்தது.

எடுத்தாள். வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

"டிரைவ் உதவி. சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டால் காதில் ஓர் இரைச்சல் கேட்குமே... அது மட்டும்.

"மறந்துபோச்சு."

தாழ்ந்த குரல். எங்கோ அடியிலிருந்து வந்தது.

அவள் கத்தவில்லை. போனை வைக்கவில்லை. ஏழு வருடமாகச் செய்கிற வேலை. கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. முதலில் பெயரைக் கேட்க வேண்டும்.

"பேரு சொல்லுங்க."

இரைச்சல்.

"பேரு?"

இரைச்சல்...

பெயர் சொல்லாதவனுக்குத் திறக்கக் கூடாது. அவள் எழுதிய விதிதான். வாழ்க்கையில் ஒரே முறை அதைத் தாண்டிப் போனாள்.

அடுத்தது ரகசியக் கேள்வி. அலுவலகம் கொடுத்த கேள்விகள் அவனுக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாக ஒன்றை எழுதி வைத்திருந்தான். பார்த்த அன்று அவள் திட்டியிருந்தாள்.

"நீங்க யாருக்குப் பயப்படுவீங்க?"

"பூட்டக்காவுக்கு."

திரையில் அதுதான் இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"உங்க திரையில இருக்குற எட்டு எண்ணப் படிங்க."

ஒவ்வொன்றாக வந்தது. அடித்தாள். அவள் திரையில் பதிலுக்கு எட்டு எண்கள் வந்தன. இனி அவைதான் பாஸ்வேர்டு. படித்தாள்.

"மூணாவது என்ன?" என்று கேட்டது குரல்.

அவன் எப்போதும் மூன்றாவதைத் தவறவிடுவான். எப்போதும்.

"ஆறு."

"ஆறு."

டக்.

"திறந்துடுச்சுக்கா."

இணைப்பு அறுந்தது. திரையில் 'திறக்கப்பட்டது' என்று வந்தது. ஒரு நிமிடம் பச்சை இருந்தது. பிறகு அணைந்தது.

நான்கேகாலுக்குத் தரை துடைக்கும் அம்மாள் வந்தார்.

"என்னம்மா இது, தண்ணி பாட்டில் கவுந்துடுச்சா?"

"இல்லக்கா. ஏசி ஒழுகுது."

"ஏசி அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

அவர் துடைத்துப் பிழிந்தார். வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாக மாறியது. அடியில் மணல் தங்கியது.

"ஆத்துல எறங்கிட்டு அப்படியே வந்தியா?" என்று சிரித்தார்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். முகம் மரத்திருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் வந்தார்.

"முடிச்சிட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"அழிக்க வேண்டாம். ஆள் யாருன்னு தெரியும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையில் கறுப்பு உறை. முதுகில் பதினேழு.

"டேப்லெட்டோட மிச்சம் ஏதாவது கிடைக்குமான்னு ஆத்துல ஆளுங்கள இறக்கினேன். இது வந்துச்சு. திறக்க முடியுமா?"

அவள் துடைத்துச் செருகினாள். முந்தைய நாள் போனில் படித்துக் காட்டிய எட்டு எண்களை அடித்தாள்.

திறந்தது.

கடைசிப் படம் அவன் விழுந்த அன்று எடுத்தது. கொக்கி. மாட்டி, பூட்டி இருந்தது. அது மாட்டியிருந்த இரும்பு வளையம் பாதிக்கு மேல் துருவில் கரைந்து, நூல் மாதிரி நின்றது. அந்த வளையத்தைப் பதித்தது நிறுவனம்.

அதிகாரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கவனக்குறைவுதான். ஆனா இவரோடது இல்ல" என்றார்.

அன்றைக்கே நிறுவனத்தின் அறிக்கை குப்பைக்குப் போனது. அவள் தம்பி மனைவிக்குப் போன் செய்து ஒரு வரி சொன்னாள். "மாட்டித்தான் இறங்கினான்." மறுமுனையில் அழுகை வெடித்தது. அவளுக்கு வரவில்லை.

அதிகாரி கிளம்பும்போது அவரிடம் கேட்டாள்.

"இது நேத்து எங்க இருந்துச்சு சார்?"

"நேத்தா? இன்னைக்குக் காலைல எட்டரைக்குத்தான் எடுத்தாங்க. ரெண்டடி சேத்துக்குள்ள. கையால தோண்ட வேண்டியதா இருந்துச்சாம். பத்து நாளா அசையாமக் கெடந்திருக்கு."

அவர் போனபிறகு அவள் அந்த இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். முந்தைய நாள் மூன்று நாற்பதுக்கு டிரைவ் எந்தக் கணினியில் செருகப்பட்டது என்று பார்த்தாள்.

கணினியின் எண் இருந்தது. தன் மேசைக்கு அடியில், முழங்காலுக்கு அருகில் நிற்கும் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டாள்.

ஒன்றுதான்.

ஒன்பது முறையும் அவன் அவள் காலடியில் இருந்துதான் அடித்துப் பார்த்திருக்கிறான்.

இடம் மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. வேலையை விடவும் இல்லை. விசாரணை முடிந்து டிரைவ் திரும்பி வந்தது. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு பிற்பகல். அறை நிறைய ஆட்கள். யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கால் சில்லிட்டது.

அவள் கழுத்தைத் தொட்டாள். சாவி இருந்தது.

பதினேழுக்கு எதிரே பச்சை.

போன் அடித்தது. எடுத்தாள். இந்த முறை வாய் எதுவும் சொல்லவில்லை.

இரைச்சல்...

"அக்கா."

குரல் இன்னும் அடியில் போயிருந்தது.

"அன்னைக்குப் பேரு கேட்டியே..."

டக்.

"என் பேரு என்னக்கா?"