கடைமடைக்காரனின் தேசம்

வீட்டுக்காரர் என் உள்ளங்கையில் வைத்த சாக்பீஸ் பாதிதான் இருந்தது. "தொட்டிக்கு மேல செவுத்துல பெருசா எழுதிருங்க தம்பி, வடக்கத்திக்காரங்க தண்ணி பிடிக்கக் கூடாதுன்னு. எழுத்துல நீங்க பெரிய ஆளு," என்றார். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு கோடை. திருப்பூரில் எங்கள் லைன் வீடுகளுக்கு வாரம் ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். வரும் நேரமாகிவிட்டது. வரிசையில் கடைசிக் குடம், கோடி வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த ஒரிசாக்காரத் தம்பதியுடையது. அவர்கள் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

என்னை அவர் தேர்ந்தெடுத்ததற்கு நானே காரணம். தாமிரபரணிக் கால்வாயின் கடைமடையில் பிறந்தவன் நான். தலைமடைக்காரன் குளித்து, மாட்டைக் கழுவி, மனமும் இரங்கினால்தான் எங்கள் வயலுக்கு ஈரம். அந்தக் கண்ணால்தான் தேசத்தையும் பார்த்தேன்: டெல்லி தலைமடை, நாம் கடைமடை. பகலெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் மன்னிப்புக் கேட்டு மெயில் அடிக்கிறவன், ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஒரு சிற்றிதழில் வடக்கை விளாசியிருந்தேன். அதைப் படித்த இருவரில் ஒருவர் பிழை திருத்துபவர். மற்றவர் என் வீட்டுக்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. வெள்ளகோவில் பக்கம் கிணறு வற்றி, மாடுகளை விற்றுவிட்டு வந்தவர். என் கட்டுரை அவருக்குப் புரிந்த அளவு எனக்கே புரிந்திருக்கவில்லை.

"அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்களே," என்றேன், என் வீரத்தின் உச்சமாக.

"மத்தவங்க படிச்சாப் போதுமுங்க."

அதையும் அவர் பதமாகத்தான் சொன்னார். சாக்பீஸைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். "என்னால முடியாதுங்க."

"சரிங்க தம்பி. அப்ப உங்க குடத்தையும் அவங்களுக்குப் பின்னால வெச்சுக்குங்க."

வைத்தேன். குழாய் சீறியது. குடங்கள் நிறைய நிறைய நீர் நூலாக மெலிந்தது. ஒரிசாக்காரர் குனிந்து குடத்தை வைத்ததும் குழாய் இருமிவிட்டு நின்றது.

நாசரேத் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் எதிர்வீட்டு அக்கா நிறைகுடத்தோடு நின்றாள். "ஏய்யா எழுத்தாளரே, தேசத்தக் காப்பாத்தியாச்சா? இனி சோத்த மையிலயா பொங்கப்போற?" திட்டிக்கொண்டே பாதியை என் குடத்தில் சரித்தாள். பிறகு வீட்டுக்காரர் காதில் விழும்படி உரக்க, "ஒனக்குத்தான் ஊத்துதேன். வேற யாருக்கும் நான் ஊத்தல, பாத்துக்கோ!" என்றாள்.

குடத்தைத் தூக்கிப்போய்க் கோடி வீட்டுக்குள் வைத்தேன். குழந்தையின் அம்மா தண்ணீர் கொதிக்கவைக்க ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். வெளியே வந்தபோது வாசலில் வீட்டுக்காரர். "மாசம் முடிஞ்சதும் வேற ஊடு பாத்துக்குங்க தம்பி." என்னை அத்தனை மரியாதையாக யாரும் துரத்தியதில்லை.

இப்போதும் தேசம் பற்றிக் கட்டுரை கேட்கிறார்கள். எழுதித் தருகிறேன், டெல்லியைத் திட்டுவதையும் விடவில்லை. 'நாம்' என்று எழுத வரும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. அன்று அந்தக் குழாயடியில் ஒரிசாக்காரருக்கும் எனக்கும் முன்னால், தலைமடையில் நின்ற அத்தனை பேரும் அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தார்கள்.