வெள்ளிக்கிழமை பத்தரைக்கு போன் செய்த தயாளண்ணன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தயாளண்ணன் போய்விட்டார் என்று அவர் தெருவிலேயே இருக்கும் ஸ்டெல்லா அக்கா போனில் சொன்னதும் நான் அழவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு அவர் படத்தைத் தேடினேன். பதினோரு வருஷமாக வீட்டிலேயே உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி பேனர் தயார் செய்கிறவளுக்குக் கை அப்படித்தான் போகும். பெயரை அடித்த பிறகுதான் அந்தப் படம் இல்லை என்பதே ஞாபகம் வந்தது. அது போனபோது பக்கத்து நாற்காலியில் அவரேதான் உட்கார்ந்திருந்தார்.

"குரோம்பேட்டைல ஒரு வூட்டுல கம்ப்யூட்டரக் கழட்டி வெச்சிகினு இருந்தாராம். கொஞ்சம் தண்ணி குடும்மான்னாராம். அந்தம்மா எடுத்தாறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். காலைல நல்லாத்தான் போனாரு அமுதா," என்றார் ஸ்டெல்லா அக்கா.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்து இந்தச் சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? தாம்பரத்திலிருந்து படப்பை வரை யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அந்தப் பழைய மொபெட்தான் வந்து நிற்கும். நான் எட்டாம் கிளாஸோடு நின்றவள். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் அவரைப் போலவே நீங்களும் கண்டுகொள்ளாதீர்கள்.

போன வருஷம் என் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்று ஒரு புது மாதிரி டிரைவை மாட்டினார். தட்டையாக, ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. ஸ்விட்சைத் தட்டினால் உடனே திரை வந்து நின்றது. நான் கை தட்டினேன். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"பழசு சாவறதுக்கு முன்னாடி கடகடன்னு சத்தம் போடும். ஒரு வாரமாவது டைம் குடுக்கும். இது ஒண்ணும் சொல்லாது. சாயங்காலம் நல்லா இருக்கும், காலைல இருக்காது."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணா? யமகண்டம்."

அன்றிலிருந்து அவர் எனக்கு யமகண்டம், நான் அவருக்குக் கண்ணீர் கம்பெனி.

பழைய டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் போட்டு ஒயரோடு கொடுத்தார். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எல்லாப் படத்தையும் அதில் ஒரு காப்பி போட வேண்டும். ராகு காலத்தில் யாரும் பேனர் சொல்ல வரமாட்டார்கள், கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கும் என்பது அவர் கணக்கு. ராகு காலத்தில் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கணக்கு. வாரா வாரம் பத்தரைக்கு போன் வரும்.

"இன்னா கண்ணீர் கம்பெனி, வேலை ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குண்ணா," என்பேன், கீரை ஆய்ந்துகொண்டே. ஒரு வருஷத்துக்கு மேல் இந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரை. மேலே ஒரே ஒரு வரி. டிரைவ் எதுவும் இல்லை என்று அர்த்தமாம். மூன்று முறை அணைத்துப் போட்டேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. முந்தின நாள் வரை இருந்த முகங்கள் மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்காவின் அம்மாவுக்கு வருஷ நினைவு. அந்த அம்மா வாழ்நாளில் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். பேனருக்கு நான் ஸ்கேன் செய்து கொடுத்ததும், "அதான் அமுதா கம்ப்யூட்டர்ல கீதே," என்று சொல்லி அக்கா அந்தப் படத்தை அம்மா கையிலேயே வைத்துப் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார். பேனர் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. மண்ணுக்கு மேலே அந்த முகம் இருந்த ஒரே இடம் என் டிரைவ்.

தயாளண்ணன் வந்ததும் முதலில் கேட்டது வெள்ளிக்கிழமைப் பெட்டியைத்தான். திறந்து பார்த்தார். அதில் கடைசியாக இருந்தது அவரே எஸ்.எஸ்.டி. மாட்டிய நாளின் படங்கள்.

"வாரா வாரம் ஆச்சுன்னியே."

"ராகு காலத்துல நல்ல காரியம் பண்ண மனசு வரலண்ணா."

"இது நல்ல காரியம் இல்ல அமுதா. சாவுக்கு ரெடியாவறது. அதுக்கு அந்த டைம்தான் கரெக்டு."

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

டிரைவை வேறு ஒயரில் மாட்டினார், அவருடைய லேப்டாப்பில் மாட்டினார். எதுவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. "சும்மா சும்மா தட்டி எழுப்பாத. ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னு நெனச்சிக்கோ," என்றார். பிறகு கரண்ட் ஒயரை மட்டும் மாட்டி அரை மணி நேரம் அப்படியே விட்டார். "ஒண்ணும் கேக்காம வுட்டுடுவோம். சில நேரம் தானா எழுந்துக்கும். நெறைய நேரம் எழுந்துக்காது."

அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். விளக்கு இல்லை, சத்தம் இல்லை, தொட்டால் லேசான சூடு மட்டும். ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கழற்றினார், மறுபடி மாட்டினார், இன்னொரு அரை மணி. வாசலில் ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார்.

மூன்றாம் முறை லேப்டாப்பில் சட்டென்று அந்த டிரைவின் பெயர் வந்தது.

"எது மொதல்ல? யோசிக்காம சொல்லு."

"அக்கா அம்மா."

நகர்ந்தது. வந்துவிட்டது. முகம் முழுசாக இருந்தது. வாசலில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அடுத்து?"

"உங்க படம்ணா." அவருடைய விசிட்டிங் கார்டுக்காகப் பொங்கல் சமயத்தில் நான் எடுத்தது. தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு அவர் நின்ற ஒரே படம். இடம் அடைக்கிறது என்று என் போனிலிருந்து அழித்திருந்தேன்.

"எனக்கின்னா அவசரம்? செத்தவங்களோடத சொல்லு மொதல்ல."

இன்னும் இரண்டு குடும்பத்தின் படங்கள் வந்தன. நாலாவது பாதியில் நின்றது. அதன் பிறகு அந்த டிரைவ் வரவேயில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அதில் சேர்ந்த மற்ற முகங்களெல்லாம் அதோடு போயின. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். மொபெட்டில் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். வாசலிலேயே நின்றுகொள்வார், உள்ளே வரமாட்டார்.

மூன்றாவது வாரம் அவரே போய்விட்டார்.

அவருடைய பேனரில் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை தெரிகிறதே, யாருடையது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஒரு கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த படம் அது. கை, பந்தியில் சாம்பார் ஊற்றியவருடையது. வெட்டிப் பார்த்தேன், அண்ணன் காதும் சேர்ந்து போனது. அதனால் விட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் ஒரு பெட்டியும் ஒரு நேரமும்தான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இப்போது போன் வருவதில்லை. நான் பெட்டியை மாட்டிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும், "ஆச்சுண்ணா," என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

புது டிரைவை நம்பாமல் இதை பென் டிரைவிலேயே அடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை பெட்டியிலும் ஒரு காப்பி போட்டேன். அச்சுக்குக் கொடுக்க பென் டிரைவை நைட்டிப் பாக்கெட்டில் வைத்தேன். சனிக்கிழமை நைட்டியை வாஷிங் மெஷினில் போட்டேன். பென் டிரைவ் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் படிப்பது பெட்டியில் இருந்தது.