கை பட்ட குழாய்

சோதனைக்கூடத்தில் அவளுக்குக் 'கையுறை அக்கா' என்றே பெயர். தசையிலிருந்து தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. இன்ன புரதத்தைச் செய் என்று செல்லுக்கு மரபணு அனுப்பும் செய்தி அது. நம் தோலில் இருக்கும் நொதி பட்டாலே கரைந்துபோகும். அதனால் வெறுங்கையோடு யாராவது அவள் மேசைப் பக்கம் வந்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சொந்தக் கையையே நம்பாத பிறவி என்று கேலி செய்வார்கள். செய்யட்டும், அவள் பிரித்துக் கொடுத்தது ஒருநாளும் கெட்டதில்லை.

அவள் தம்பிக்குத் தசை கரையும் நோய். தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தின் செய்தியில் பாதியிலேயே முற்றுப்புள்ளி விழுந்திருந்தது. செல் லேசுப்பட்டதில்லை. இப்படிப்பட்ட அரைகுறைச் செய்தியைக் கண்டால் கிழித்துப் போட்டுவிடும். கோணல் புரதம் உருவாகி உடம்பைக் கெடுக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். பாழாய்ப்போன நல்லெண்ணம்!

அந்தப் புள்ளியைத் தாண்டிப் படிக்கவைக்கும் புது மருந்தைத் தம்பிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் படிப்பதற்குச் செய்தி மிஞ்ச வேண்டுமே? மிஞ்சியிருந்தால் மருந்து தொடரும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பார்ப்பதற்காக அவன் தொடையிலிருந்து துளி தசை எடுத்தார்கள். அது அவள் மேசைக்கே வந்தது. வேலையெல்லாம் முடிந்தபின் மனசு கேட்காமல் கையுறையைக் கழற்றி, பிரித்தெடுத்ததை அடைத்த குழாயைக் கொஞ்ச நேரம் வெறுங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செய்தி சுத்தமா இல்லம்மா" என்றார் டாக்டர்.

"என் தப்பு சார். வெறுங்கையால தொட்டுட்டேன். அதான் கரைஞ்சிருக்கும்."

தன் கை கெடுத்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"உங்க கை கெடுத்திருந்தா எல்லாமே போயிருக்கும்மா. மத்த செய்தியெல்லாம் முழுசா இருக்கு. இது ஒண்ணைத்தான் செல்லே அழிச்சிருக்கு. மருந்தை நிறுத்திடலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தம்பி கேட்டான். "என்னாச்சுக்கா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபடியே சொன்னாள். "நான் கைய வச்சுக் கெடுத்துட்டேன்டா."

"நீயா? சூரியன் இன்னைக்கு மேற்குல உதிச்சிடுச்சா?" வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. பிறகு, கட்டுப் போடாத காலின் மேல் கிடந்த போர்வையை மெல்ல விலக்கினான்.

"விடுக்கா, அதுக்கா இப்படி அழுவுற? இந்தக் கால் சும்மாதானே கெடக்கு. இதுல எடுத்துக்கச் சொல்லு."

"சரிடா, சொல்றேன்" என்றாள்.