நான் சொன்ன ஆறு எண்கள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு வந்து, திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கியவன் நான். வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட மனையில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். அந்தத் தண்ணீரை நம்பி கிரிவலப் பாதையில் லாட்ஜ் கட்டினேன். பக்கத்திலேயே கல்யாண மண்டபம் எழுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற இதே ஆள்தான், வெளிநாட்டுக்காரர்களும் திறந்து பார்க்கிற ஓர் இணையப் பட்டியலுக்கும் உழைத்தேன். மற்றதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்ளும். பட்டியலில் மட்டும் இன்று என் பேர் இல்லை.

ஒரு பௌர்ணமியன்று, அறை முன்பதிவு செய்யும் தளத்தில் எங்கள் லாட்ஜ் கணக்கை எவனோ திருடிவிட்டான். ஆந்திராவிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் போனில் ரசீதைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எங்களிடம் அவர்கள் பேரே இல்லை. மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து அத்தனை பேரையும் தங்க வைத்தேன். ஒற்றைப் பாஸ்வேர்டை நம்பக்கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்போது எங்கள் மேனேஜர் அந்தப் பட்டியலைக் காட்டினார். பாஸ்வேர்டுக்கு மேல் போனுக்கு ஓர் எண் அனுப்பிச் சரிபார்க்கும் தளங்கள் எவை, அனுப்பாதவை எவை என்று பொதுமக்களே சேர்ந்து எழுதி வைப்பது. அதை நான் ரெண்டாவது பூட்டு என்பேன். நம் பக்கத்து பஸ் டிக்கெட், லாட்ஜ், மண்டபத் தளங்கள் ஒன்றுகூட அதில் இல்லை. "நாம போடலாம், மேனேஜரே" என்றேன். என் பேரில், என் போன் நம்பரில் கணக்குத் திறந்தார்.

மேனேஜர் பட்டம் படித்தவர். என் வீட்டுச் சாப்பாடுதான் அவருக்கும். தளம் சொல்வதை அப்படியே எழுதிவிடலாம் என்பார். நான் விடமாட்டேன். ஒவ்வொன்றிலும் கணக்குத் திறந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ளே நுழையச் சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவேன். எண் வந்தால்தான் எழுதலாம். சந்தேகம் வந்தால் கஸ்டமர் கேரில் தமிழ் பேசுகிறவரைப் பிடிப்பேன். "பாஸ்வேர்ட ஸ்ட்ராங்கா வைங்க சார், போதும்" என்றது ஒரு பெண். "எங்க லாட்ஜ் கதவு கூட ஸ்ட்ராங்குதாம்மா. பூட்டு இருக்குதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றேன். மேனேஜர் சிரித்துச் சிரித்துத் தட்டச்சு செய்தார். நாங்கள் சேர்த்ததைப் பட்டியலின் நிர்வாகிகள் ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் என் பேரைப் போட்ட அன்று, ரிசப்ஷனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினேன்.

போனுக்கு வரும் எண்ணை, பெற்ற மகனிடமும் சொல்லாதே என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஒருநாள் மண்டபத்தில் முகூர்த்தக் கூட்டம். மேளச் சத்தத்துக்கு நடுவே மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"மொதலாளி, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க."

"ஆறு நம்பர் வந்துகீது. இன்னாத்துக்கு?"

"நம்ம பட்டியல் வேலதான். படிங்க."

படித்தேன். இதை ஏமாளித்தனம் என்று என் மருமகன் சிரிக்கிறார். லாட்ஜ் சாவி மொத்தத்தையும் ஒப்படைத்த ஆளிடம் ஆறு எண்ணை மறைப்பேனா?

அடுத்த மாதம் மேனேஜர், சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று கிளம்பினார். மாலை போட்டு அனுப்பினேன். பிறகு ஒரு பக்தருக்குப் பெருமையாகக் காட்டலாம் என்று பட்டியலைத் திறந்தால், நாங்கள் சேர்த்த ஒவ்வொன்றிலும் என் பேர் இருந்த இடத்தில் அவர் பேர். அந்த எண்ணை வைத்துக் கணக்கைத் தன் நம்பருக்கு மாற்றி, பேரையும் மாற்றியிருக்கிறார். அதைக் காட்டித்தான் வேலையே வாங்கினாராம். போன் போட்டேன்.

"டைப் பண்ணது நாந்தான மொதலாளி? உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? லாட்ஜ் இருக்குது, மண்டபம் இருக்குது."

"அதுல எல்லாம் என் பேர் போட்டுகீது இல்ல? இதுல மட்டும் ஏன் தூக்கின?"

வைத்துவிட்டார். லாட்ஜ் கணக்கைத் திருடிய அந்த முகம் தெரியாதவன்மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. அவன் என் வீட்டில் சாப்பிட்டவன் இல்லை.

மேனேஜரே, உங்கள் வேலையைக் கெடுக்க எனக்கு எண்ணமில்லை. தட்டச்சு செய்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குத் திறந்து, போனைப் பிடித்து உட்கார்ந்து, பேசிப் பேசி உண்மையைக் கறந்தது நான். பட்டியலை நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் பேரைத் திரும்பப் போடுங்கள். மேலே என் பேர், கீழே அவர் பேர்.