கிளீட்டஸின் சிவப்புத் துண்டு

கிளீட்டஸுக்குப் பந்து கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். 1947-இல் இனயம் கடற்கரையிலிருந்து திருவனந்தபுரம் போய் ஒரு மில்லின் கால்பந்து அணியில் சேர்ந்தார். சென்டர் ஹாஃப். கோல் போடுகிறவனுக்கு மாலை, கோல் காக்கிறவனுக்குக் கைதட்டல்; நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஓடியே சாகிற ஹாஃபுக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து வருடம் ஓடினார். பிறகு ஒரு மழைக்கால ஆட்டத்தில் முழங்கால் பிசகி, கடைசிவரை சரியாகவே ஆகவில்லை. மில்காரர்கள் வாசல் காவலுக்கு வரச் சொன்னார்கள். பந்தாடிய மைதானத்துக்கு எதிரே குந்தியிருந்து கேட் திறப்பதா? மனுஷன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

ஊர்ப் பையன்கள் அவரைத் தங்கள் அணிக்கு மேனேஜர் ஆக்கினார்கள். பட்டம் சரி, வயிறு? இனயத்தில் கரையில் நின்று கரமடி வலையை இழுத்தவனுக்குத்தான் மீனில் பங்கு. நொண்டிக் காலோடு மணலில் எந்த வடத்தை இழுப்பது? மனைவி சகாயசெல்வி ஓலை பின்னிக் குடும்பத்தை ஓட்டினாள். 1954-இல் அதே காவல் வேலைக்கு மில்லிலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது.

"நாகர்கோவில் கோப்பைய ஜெயிச்சா உங்களுக்கு மீன்ல ஒரு பங்கு உண்டாம். கரமடிக்காரரு முத்துநாயகம் மாமா சொன்னாவ. இல்லேன்னா திங்கக்கிழமை திருவனந்தபுரம் பஸ் ஏறிரணும், கேட்டியளா?" என்றாள் சகாயசெல்வி.

கேட்காமல் என்ன? கிளீட்டஸ் ராத்தூக்கம் இல்லாமல் யோசித்தார். ஆட்டத்தில் வெளியே நின்று கத்தினால் கூட்டத்தின் இரைச்சலில் யார் காதில் விழும்? ஆனால் கரமடி போடும்போது கரையில் நிற்பவர் துணி காட்டித்தானே கடலில் வலை விடுகிற வள்ளத்தைத் திருப்புகிறார்! அந்தப் பாஷை பையன்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. சிவப்புத் துண்டை இடப்பக்கம் வீசினால் இடது, வலப்பக்கம் என்றால் வலது. தலைக்குமேல் சுற்றினால் மீன் உள்ளே வந்தாயிற்று, அத்தனை பேரும் ஓடி வா என்று பொருள்; ஆட்டத்தில், எல்லாரும் எதிர்க் கோலுக்குப் பாய்.

துண்டு வேலை செய்தது. மூன்று அணிகளை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு, சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் பூதப்பாண்டிக்காரர்களை எதிர்கொண்டார்கள். ஒரு கோல் முன்னிலை, ஐந்தே நிமிடம் பாக்கி. அப்போதுதானா அந்தக் குளவி வரவேண்டும்! கிளீட்டஸின் மொட்டைத் தலையை அது வட்டமிட, அவர் பதறிப்போய்த் துண்டைத் தலைக்குமேல் சுற்றினார்.

பதினோரு பேரும் முன்னால் பாய்ந்தார்கள். கோல் காக்கிற கோலி ஏசுஅடிமையும்தான்.

"ஏலே, போவாதீங்கலே! குளவிலே, குளவி!"

யார் கேட்டார்கள்? பூதப்பாண்டி கோலப்பன் ஆளில்லாத கோலுக்குள் பந்தை நிதானமாக உருட்டிவிட்டான். நம் பையன்கள் திகைத்து நிற்கையிலேயே இன்னொன்றும் போட்டான். கோப்பை போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் கிளீட்டஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆட்டம் பார்க்க வந்திருந்த முத்துநாயகம்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்க மடிக்கு முப்பது பேரு. நான் துணி காட்டினா பத்து பேரு எதுக்குன்னு கேப்பான், பத்து பேரு பீடி பத்தவைப்பான். நீ காட்டினா கோலிகூட கோல விட்டுட்டு ஓடுதான். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு மக்கா. திங்கக்கிழமையிலேருந்து கரையில நீ நின்னு காட்டு. பங்கு உண்டு."

"மாமா, தோத்துல்லா போனோம்?"

"அது பந்து. நான் மீன் காரியம் பேசுகேன்."

திங்கட்கிழமை விடியும்போது கிளீட்டஸ் கரையில் நின்றார். வலைக்குள் சாளை மீன் மின்னியது. துண்டைத் தலைக்குமேல் சுற்றினார். பீடியைப் போட்டுவிட்டு முப்பது பேரும் ஓடி வந்தார்கள். மனுஷன் அழுதேவிட்டார்.