தம்புராப் பெட்டியின் நாலாவது திருகு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் அஃப்சருன்னிசாவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் கதவு எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் ஒரு பெட்டி தன்னந்தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறதோ அதுதான்.

அவருடைய அப்பா மைக்செட் வாடகைக்கு விட்டவர். கோயில் உற்சவம், தர்கா உர்ஸ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே குழாய்கள்தான் போகும். பழுதான ஆம்ப்ளிஃபயர்களோடு வளர்ந்த பெண், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலையில் இருந்தார். கம்பெனி வேறு ஊருக்குப் போனது. அஃப்சருன்னிசா போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு வாத்தியம் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் செய்தது எலக்ட்ரானிக் மோர்சிங். அது மழைக்காலத் தவளையைப்போல இருந்ததால் பிள்ளைகளுக்கு மட்டும் பிடித்தது. அடுத்தது தாளப் பெட்டி. அதை ஓடவிட்ட அன்று மாடி வீட்டு சகினா, கேஸ் கசிகிற அலாரம் என்று நினைத்து சிலிண்டரை மூடிவிட்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தாளம் மட்டும் தப்பவில்லை என்பது அஃப்சருன்னிசாவின் கட்சி.

மூன்றாவதாக வந்த தம்புராப் பெட்டிதான் விலைபோனது. அதற்கு உறை தைப்பது கணவர் உமர் ஃபாரூக்கின் வேலை. அவருக்கு ராயப்பேட்டையில் பைக் சீட்டுக்கு ரெக்ஸின் போடும் கடை. அதனால் பெட்டிகள் எல்லாம் கறுப்பு ரெக்ஸினும் சிவப்பு ஓரமுமாக, ஏறி உட்கார்ந்து உதைத்தால் கிளம்பிவிடும்போல இருக்கும். பாட்டு வகுப்புப் பிள்ளைகள் வாங்கிப்போய் வீட்டில் சாதகம் செய்தார்கள். ஆனால் மேடையில் ஏறியதெல்லாம் வேறு கம்பெனிப் பெட்டிகள்தான். தன்னுடைய பெட்டி ஒருமுறையாவது ஒரு கச்சேரி மேடையில் உட்கார வேண்டும் என்று அஃப்சருன்னிசாவுக்கு ஆசை. வெளியே சொல்லமாட்டார். கச்சேரிப் படம் எதைப் பார்த்தாலும் பாடகர் முகத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

போன கார்த்திகையில் வாய்ப்பு வந்தது. தெற்கு மாட வீதிப் பக்கம் இருக்கும் பாடகர் ஸ்ரீனிவாசராகவன் மேடையில் பெட்டி வைத்துக்கொள்ளாதவர். அவருக்குத் தம்புரா போடும் சிஷ்யை வர்ஷினி, வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பிவிட்டாள். மார்கழியில் ஆழ்வார்பேட்டையில் அவருக்குக் கச்சேரி. அஃப்சருன்னிசா அவர் வீட்டுக்கே போய், தன் பெட்டியைக் கேட்டுப் பார்க்கிறீர்களா என்றார்.

“உயிர் இருந்தா கொண்டு வாங்கோ, மேடையில வச்சுக்கறேன்” என்றார். “ஙொய்னு கத்தற பெட்டின்னா வேண்டாம்.”

உயிர் என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. மரத் தம்புராவில் கம்பிக்கு அடியில் ஒரு சின்ன நூலைச் சொருகுவார்கள். அந்த நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால் நாதம் அலை அலையாக விரியும். அஃப்சருன்னிசா அந்த அலைக்காகவே ஒரு புதுப் பெட்டி செய்தார். சாப்பாட்டு மேஜை நடுவில், சால்டரிங் புகையை ஜன்னல் வழியாக வெளியே தள்ள ஒரு மேஜை ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். மேஜையில் இடம் கிடையாது என்பதால், கேட்டுப் பார்க்க வேண்டிய பெட்டி ஃபேனுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திட்டில் உட்காரும். அங்கிருந்து புதுப் பெட்டி பாடியபோது உமர் ஃபாரூக் தட்டில் கையை வைத்தபடியே சாப்பிட மறந்தார்.

“இன்னாம்மா, மூச்சு வுட்ற மாதிரி கீது?”

பெட்டியை ஆட்டோவில் கொண்டுபோனார். ஸ்ரீனிவாசராகவன் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “சுருதி சுத்தமா இருக்கு.”

“சந்தோஷம் சார்.”

“அதான் கஷ்டம். சுத்தமா மட்டும்தான் இருக்கு. பழைய டெலிபோனை எடுத்தா கேக்குமே, அது மாதிரி.”

அஃப்சருன்னிசாவுக்கே அப்படித்தான் கேட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து திட்டில் வைத்தார். பெட்டி மூச்சுவிட்டது. ஆட்டோ குலுங்கியதில் ஏதோ வயர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று எல்லா வயரையும் மறுபடி பற்றவைத்தார். அடுத்த தடவை ஆட்டோவில் தலையணைமேல் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு போனார். அங்கே மறுபடியும் டெலிபோன். திரும்பி வந்தால் மறுபடியும் மூச்சு.

“அவரை இங்க கூப்புடு” என்றார் உமர் ஃபாரூக். “பெட்டி போனா ஒத்துக்கல. மனுசன் வரட்டும்.”

வந்தார். கழுத்து மப்ளரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததும், “அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கோ. காத்து பட்டா எனக்குத் தொண்டை கட்டிக்கும்” என்றார். உமர் ஃபாரூக் ஓடிப்போய் நிறுத்தினார். அஃப்சருன்னிசா பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திருகினார். ஙொய் என்றது.

“சார், உங்களைப் பார்த்தா பெட்டிக்குப் பயம்” என்றார் உமர் ஃபாரூக்.

“எங்கிட்ட கத்துக்க வர குழந்தைகளும் இதையேதான் சொல்றதுகள். ஆத்துல நன்னாப் பாடித்தாம்.”

அவர் டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். யோசிக்கிறவர் முகமாக அது இல்லை. அன்று அஃப்சருன்னிசா பிரியாணிக்கு உப்புப் போடவில்லை. உமர் ஃபாரூக் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை அஃப்சருன்னிசா, யாரோ பழுது பார்க்கக் கொடுத்த டேப் ரெக்கார்டரை நோண்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் திட்டில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. கையில் சால்டரிங் கம்பி. எட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு இருந்த இடத்திலேயே பேசினார்.

“வேற ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணிடலாம்னு பாக்கறேன்மா” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “தப்பா எடுத்துக்காதீங்கோ.”

“பரவால்ல சார். உங்க கச்சேரி, உங்க இஷ்டம்.”

“அழறேளா?” என்றார்.

“நானா? இல்லையே சார்.”

“குரல் நடுங்கறதே. நான் அந்த டெலிபோன் பேச்சைச் சொல்லியிருக்கப்படாது. எங்காத்துலயும் திட்டினா. அழாதீங்கோம்மா.”

“சார், நான் எதுக்கு அழணும்? ஃபேனுக்கு இந்தப் பக்கம் உக்காந்து…”

அஃப்சருன்னிசா வாக்கியத்தை முடிக்கவில்லை. ஃபேனைப் பார்த்தார். அதற்கு அப்பால் திட்டில் போனையும் அதன் பக்கத்தில் சிவப்பு ஓரம் வைத்த பெட்டியையும் பார்த்தார். ஃபேனை நிறுத்தினார்.

“இப்ப நடுங்குதா சார்?”

“இல்லை. தேறிட்டேள். நல்லது.”

மறுபடி போட்டார். “இப்ப?”

“மறுபடியும் அழ ஆரம்பிச்சுட்டேளே!”

சின்ன வயதில் ஃபேன் எதிரில் நின்று ‘ஆ’ என்று கத்தி, குரல் துண்டு துண்டாக வருவதைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை உண்டா. அதை மறந்துவிட்டு, ஓடுகிற இறக்கைகளின் ஊடாகவே கேட்டுக் கேட்டு ஒரு தம்புராவைச் செய்திருந்தார் அஃப்சருன்னிசா. உயிர் பெட்டியில் இல்லை, ஃபேனில் இருந்தது. அந்த வீட்டில் ஃபேன் நிற்காது. பாடகர் இருக்கும் இடத்தில் ஃபேன் ஓடாது.

விஷயத்தைக் கேட்டு ஸ்ரீனிவாசராகவன் வெகுநேரம் சிரித்தார். வேறு பெண்ணை ஏற்பாடு செய்வதைத் தள்ளிவைத்தார்.

“ரொம்ப சிம்பிள்” என்றார் உமர் ஃபாரூக். “ஃபேனையும் மேடையில வச்சிட்டா போச்சு.”

“அவர் தொண்டை?”

“அதுக்கும் ஒரு உறை தச்சிக் குடுக்கறேன்.”

அஃப்சருன்னிசா ஃபேன் செய்கிற வேலையை சர்க்யூட்டில் கொண்டுவந்தார். முதலில் அது ஆம்புலன்ஸ்போல ஒரே சீராக ஏறி இறங்கியது. ஃபேனை நிறுத்தி இறக்கைகளைத் தடவிப் பார்த்தார். ஒன்று லேசாக வளைந்திருந்தது. வீடு மாறும்போது உமர் ஃபாரூக் கீழே போட்டது. அந்தக் கோணலையும் சேர்த்த பிறகு நாதம் இடறி, நிமிர்ந்து, நடக்க ஆரம்பித்தது.

“அப்போ கண்டுபுடிச்சது நானு” என்றார் அவர்.

சத்தம், சுருதி, வேகம் என்ற மூன்று திருகுகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று வந்தது. அதன் அடியில் ‘காற்று’ என்று எழுதி ஒட்டினார்.

ஆழ்வார்பேட்டை ஹாலில் ஏசி கிடையாது. நல்ல கூட்டம். மேடையில் ஸ்ரீனிவாசராகவனின் இடது பக்கம், ஜமக்காளத்தின்மேல், கறுப்பு ரெக்ஸினும் சிவப்பு ஓரமுமாகப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் சொன்னார்: “ஃபேனையெல்லாம் நிறுத்திடுங்கோ.”

மூன்றாவது வரிசையில் அஃப்சருன்னிசா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார். தலைக்கு மேல் ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. ஸ்ரீனிவாசராகவன் பெட்டியைத் திருகினார். கண்ணை மூடிக் கேட்டார். நாலாவது திருகில் கையை வைத்து ஒரு மயிரிழை தள்ளினார். காற்றே இல்லாத ஹாலில் நாதம் மூச்சுவிட்டு விரிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதன்மேல் ஷட்ஜத்தைப் பிடித்தார்.

அஃப்சருன்னிசா கையைத் தளர்த்தினார். பக்கத்தில் உமர் ஃபாரூக் வியர்த்து வழிந்துகொண்டு, நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

“பொட்டிக்கு மட்டும் காத்து வச்சியே” என்றார் மெதுவாக. “கட்னவனுக்கு இன்னா வச்ச?”