ஒனேசிம் என்ற பெயரும் எங்கள் அண்ணையும்

காலையில் தொலைபேசி அடித்தபோது, தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பல மாதங்களாக எங்கள் வீட்டில் அப்படித்தான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருக்கிறான் என் தம்பி. எந்த விடியலில் அவனை விமானத்தில் ஏற்றுவார்களோ என்ற பயத்தோடுதான் நான் அடுப்பை மூட்டுவது. தொலைபேசியை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால், ஒனேசிம் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா. "அண்ணை மோசம் போட்டார், தங்கச்சி. நித்திரையிலையே" என்றார். அண்ணையின் சாவைக் கேட்ட முதல் நொடியில் என் நெஞ்சில் வந்தது நிம்மதி. தம்பி இல்லை என்ற நிம்மதி. அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அண்ணையை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களிடமும் மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமைச் செபக் குழுவில்தான் எனக்கு அவரைத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. கண்டதை வாசித்து, வாசித்ததைக் கொப்பியில் எழுதி வைப்பேன். ஒருமுறை அவருடைய பெயரைத் தேடிப் பார்த்தேன். கிரேக்கப் பெயர், பயனுள்ளவன் என்று பொருள். அந்தக் காலத்தில் அடிமைகளுக்கு அதிகம் வைத்த பெயராம். இதைச் சொன்னால் கோபிப்பாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். "அப்ப அப்பு சரியாத்தான் வைச்சிருக்கிறார். இஞ்சை முப்பது வருசம் ஹோட்டலிலை கோப்பை கழுவினனான்" என்று சிரித்தார். கிறிஸ்துவுக்கு முந்தி ஏதென்ஸ் நகரத்தில் மண் கோப்பைகளில் படம் கீறிய பெரிய ஓவியர் ஒருவருக்கும் இதே பெயர் என்றேன். "பாத்தீங்களே, அவன் கீறினதை நான் அழிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார்.

அந்தப் பெயரில் நாங்கள் எல்லோரும் அறிந்தவர் ஒருவர்தான். எசமானிடமிருந்து தப்பியோடி, சிறையில் இருந்த பவுலடியாரிடம் வந்து சேர்ந்த அடிமை. பவுல் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, அவரை எசமானிடமே திருப்பி அனுப்பினார். பிற்காலத்தில் எபேசு நகரத்தில் ஒனேசிம் என்றொரு ஆயர் இருந்திருக்கிறார். இருவரும் ஒருவரேதானா என்பதில் படித்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எங்களுக்கோ அந்த ஆயரைத்தான் பிடித்திருந்தது. அண்ணை மட்டும் ஆயரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"ஓடினவனைப் பிடிச்சால் என்ன செய்வினம் எண்டு அவனுக்குத் தெரியும்" என்றார். "அடிக்கலாம், சூடு வைக்கலாம். கையிலை இருக்கிறது ஒரு கடிதம். அந்த வழி முழுக்க அவன் எப்பிடிப் பயந்திருப்பான் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, தங்கச்சி."

அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லோருமே எங்கிருந்தோ ஓடி வந்தவர்கள்.

அதிகாரி ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் எதைக் கேட்டாலும் ஓம் என்று தலையாட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அது மரியாதை என்று நினைக்கிறோம். தம்பியும் குடிவரவு அலுவலகத்தில் வரச் சொல்லிக் கொடுத்த ஒரு தெர்மினில் அப்படித்தான் ஆட்டிக்கொண்டே இருந்தான். ஊருக்குத் திரும்பிப் போகத் தானே சம்மதிப்பதாக ஒரு கடதாசி. அதற்கும் ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் துணை போவதுபோல் அன்றும் கூடப் போயிருந்த அண்ணை தன் கையை விரித்துக் கடதாசியின் மேல் வைத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் குசினியில் ஒத்திகை. என் கணவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணை அதிகாரியாக உட்கார்ந்தார்.

"உமக்குக் கொழும்பிலை மூண்டு வீடு இருக்குதாம், சரியோ?"

"ஓம், சேர்."

"நாளைக்கே ஊருக்குப் போக விருப்பமாம்?"

தம்பியின் தலை ஆடியது. "அண்ணை, கேட்டுப் பாருங்கோ, கிட்னியையும் எழுதித் தருவான்" என்றார் என் கணவர். பல தடவை கேட்ட பிறகுதான் தம்பியின் வாயிலிருந்து "விளங்கேல்லை" என்ற சொல் வந்தது. அண்ணை எழுந்து அவனுக்குக் கைகொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நீங்கள் இருங்கோ" என்றார். எனக்கு ஏலாது என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் தம்பிக்கு அடுத்த தெர்மின். துணைக்கு என்னை விட வேறு ஆள் இல்லை. படிகளில் என் பயத்தைத் தம்பி பார்க்கக்கூடாது என்று அவனை முன்னால் போகச் சொன்னேன். உள்ளே இருந்தவர் ஓர் இளம் பெண், முகம் கடுமையானதில்லை. அதே கடதாசியை வைத்து ஏதோ விளக்கினார். தம்பி என்னைப் பார்த்தான். என் தலை தானாக ஆடத் தொடங்கியது. கையால் நாடியைப் பிடித்து நிறுத்தினேன். எங்களுக்கு விளங்கவில்லை, வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டோம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அது உங்கள் உரிமை என்று சொல்லி, அவர் கடதாசியை உறையில் போட்டுத் தந்தார். தம்பி இந்த நாட்டில் இருப்பதற்கு இன்னும் மூன்று மாதம் எழுதினார். மூன்றே மாதம்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்துக்குப் போனபோது இதை றீற்றா அக்காவிடம் சொன்னேன். அண்ணையின் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆர் தைரியம்? அந்தாளோ? தெர்மின் நாளிலை விடியத் தேத்தண்ணி வயித்திலை நிக்காது. சத்தி எடுத்துப்போட்டுத்தான் சேட்டு மாத்திறவர்."

ஆருடைய தெர்மினுக்கு என்று கேட்டேன்.

"எல்லாற்றை தெர்மினுக்கும்தான். கடைசிவரைக்கும்."

இத்தனை வருடம் அவரோடு போய்வந்த நம்மில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர் பயத்தைத் தன் வீட்டிலேயே முடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. அதையும் கொண்டுதான் வந்திருக்கிறார். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அதுதான். தைரியம் வந்த பிறகு போகலாம் என்று இனி நான் காத்திருக்கமாட்டேன்.

போன சனிக்கிழமை குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், செவ்வாய்க்கிழமை தன்னோடு அலுவலகத்துக்கு வர ஏலுமா என்று கேட்டாள். வாறன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு விடியத் தேத்தண்ணி குடிக்காமல்தான் கிளம்புவேன்.